நூறு வாட்டுக்காகக் காத்திருக்காதே

அன்புள்ள கண்ணா,

ஹாம் ரேடியோ லைசென்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாய், கால்சைனும் (ரேடியோவில் உன்னை அழைக்கும் பெயர்) வந்துவிட்டது. ரொம்ப சந்தோஷம். ஆனால் "நல்ல செட் வாங்கப் பணம் சேரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நீ பார்த்து வைத்திருக்கும் நூறு வாட் செட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உன் மேசையில் இருக்கிற லேப்டாப்பே பாதி நிலையம். மீதிப் பாதிக்கு அவ்வளவு பணம் தேவைப்படாது.

ஏன் என்று சொல்கிறேன். குரலில் பேசினால் உன் சக்தி சுமார் 2500 ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவிவிடும். கேட்பவரின் காதுதான் இரைச்சலுக்குள்ளிருந்து வார்த்தைகளைப் பொறுக்க வேண்டும். எஃப்டி8 என்று ஒரு முறை, கணினியே செய்தியைத் தொனிகளாக்கி அனுப்பும். அதில் எல்லாம் 50 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. எட்டுத் தொனிகள், 77 பிட் செய்தி, அதோடு பிழை திருத்தும் பிட்கள். அனுப்பி முடிக்க 12.64 வினாடி. 15 வினாடிக்கு ஒருவர் என்று மாறி மாறி அனுப்புவார்கள். இரைச்சலைவிட 20 டெசிபெல் தாழ்ந்து கிடக்கும் சிக்னலைக்கூடக் கணினி எழுத்தாக்கிக் காட்டிவிடும். உன் காதில் வெறும் 'உஸ்' சத்தம்தான் விழுந்திருக்கும். இதை 2017-இல் உருவாக்கியவர்கள் ஸ்டீவ் ஃபிராங்கேயும் ஜோ டெய்லரும். டெய்லர் 1993-இல் இயற்பியல் நோபல் வாங்கிய ரேடியோ வானியலாளர். பல்சார் என்ற விண்மீன்களின் மெல்லிய ரேடியோ துடிப்பை இரைச்சலிலிருந்து பிரித்துப் பழகியவர். இந்த முறைக்கான அவர் குழுவின் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருள் இலவசம்.

செட் கைக்கு வரும் வரை சும்மா இருக்காதே. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் ஒரு ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. பிரவுசரில் அதை 14.074 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தி, யூஎஸ்பி என்ற மேல் பக்கப்பட்டையை (கேபிள் யுஎஸ்பி இல்லை) தேர்ந்தெடுத்து, அந்த ஒலியை அப்படியே மென்பொருளுக்குத் திருப்பிவிடு. கால்சைன்கள் வரிசையாக வந்து விழும். கணினிக் கடிகாரம் மட்டும் ஒரு வினாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். திரை நிறையச் சிக்னல் ஓடியும் ஒரு வரிகூட வராவிட்டால், முதலில் கடிகாரத்தைப் பார்.

டிவி பார்க்கச் செய்த, கணினியில் செருகும் ஆர்டிஎல் ரிசீவர் குச்சி ஒன்றையும் வாங்கிக்கொள்ளலாம், மலிவுதான். ஆனால் அதில் பல மாடல்கள் சுமார் 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. அதற்குக் கீழேயும் கேட்க வைக்கும் டைரக்ட் சாம்ப்ளிங் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. அது இல்லாத குச்சியும் வீணில்லை. சர்வதேச விண்வெளி நிலையம் சில நாட்களில் 145.800 மெகாஹெர்ட்ஸில் எஸ்எஸ்டிவி படங்கள் (ஒலியாக மாற்றிய படங்கள்) அனுப்பும். அதற்கான செயலியைப் போட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் ஃபோனை வைத்தாலே போதும், படம் வரிவரியாக இறங்கும். கேபிளே வேண்டாம்.

சரி, அனுப்புவதற்கு வருவோம். கணினி முறைகளுக்கென்றே சின்ன ஐந்து வாட் கிட்கள் வருகின்றன. ஒரே யுஎஸ்பி கேபிளில் ஒலியும் கட்டுப்பாடும் போய்விடும். நல்லவைதான். ஆனால் அவற்றில் சில ஒரு நேரத்தில் ஒரு தொனியை மட்டுமே, மாறாத ஒரே வலிமையில் அனுப்பும். எஃப்டி8, ஆர்டிடிஒய் (பழைய ரேடியோ டெலிடைப்) எல்லாம் ஓடும், தட்டச்சு செய்து பேசும் பிஎஸ்கே31 ஓடாது. அதனால் உன் நண்பர் கொடுக்கிறேன் என்ற பழைய எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) செட்டை வாங்கிக்கொள் என்பேன். மைக்கில் பேசவும் ஆகும், எல்லா முறைக்கும் ஆகும்.

பழைய செட்டில் கவனமெல்லாம் ஒலி அளவில்தான் இருக்க வேண்டும். கணினியின் ஒலியைக் கூட்டினால் வாட் ஏறும். ஏற ஏற ஆசை வரும். செட்டின் மீட்டரை ஏஎல்சிக்கு (ஒலி மிஞ்சும்போது செட் தானே அடக்குவதைக் காட்டும் அளவு) மாற்றி வைத்துக்கொள். ஒலியை அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. ஏஎல்சி முள் அசையத் தொடங்கியதும் அது அசையாத அளவுக்குத் திரும்ப இறக்கு. அங்கேயே விட்டுவிடு. அதற்கு மேல் தள்ளினால் உன் 700 ஹெர்ட்ஸ் தொனி 1400-லும் 2100-லும் நிழல் போடும். ஒரே ஆள் மூன்று இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், திட்டு வேறு விழும். தொனியை 1500-க்கு மேலே வைத்துக்கொண்டால் நிழல்கள் செட்டின் ஃபில்டருக்கு வெளியே போய்விடும். மென்பொருளிலேயே அதற்கு ஒரு வசதி இருக்கிறது, தேடிப் பார்.

இன்னொன்று. பேச்சில் இடைவெளி உண்டு. எஃப்டி8-இல் 12 வினாடிக்கு மேல் இடைவிடாமல் முழு சக்தி போகும். பழைய செட்டின் டிரான்சிஸ்டர் சூடாகிவிடும். நூறு வாட் செட்டாக இருந்தாலும் முப்பதுக்கு மேல் போகாதே. பத்து வாட்டே நிறைய தூரம் போகும்.

ஆன்டெனாவுக்குக் கம்பிதான், வேறென்ன! 14 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் என்றால் இரண்டு கை, ஒவ்வொன்றும் சுமார் ஐந்து மீட்டர். கொஞ்சம் நீளமாகவே வெட்டு. குறைப்பது சுலபம், ஒட்டுவது தொல்லை. உன் அறையில் இடம் போதாது என்று தெரியும். நேராக நீட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை, முனைகளைத் தொங்கவிடலாம், மடக்கலாம். அனுப்பும்போது யார் கையும் படாத இடமாக மட்டும் பார்த்துக்கொள். முதல் நாளே லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேட்டுப் பார். சில சார்ஜர்கள் போடும் இரைச்சலில் பாதி உலகம் மறைந்துவிடும். யுஎஸ்பி கேபிளை ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றினாலும் குறையும்.

எஃப்டி8 ஒன்றுதான் எல்லாம் என்று நினைத்துவிடாதே. கால்சைன், வரைபடத்தில் நாம் இருக்கும் கட்டம், சிக்னல் அளவு, ஒரு 73 (ஹாம்களின் 'வாழ்த்துகள்'), அவ்வளவுதான் பேச்சு. "மனிதர் இல்லாத ரேடியோ" என்று சிலர் குறைப்படுவதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கம்பி வேலை செய்கிறதா, பேண்ட், அதாவது அலைவரிசை, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. சிக்யூ (எல்லோருக்குமான பொது அழைப்பு) போட்டுவிட்டு, இணையத்தில் பிஎஸ்கே ரிப்போர்ட்டர் வரைபடத்தைத் திற. உன்னைக் கேட்ட நிலையங்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். பதில் சொல்லாதவர்களும் அதில் இருப்பார்கள். இன்னும் பொறுமை இருந்தால் டபிள்யூஎஸ்பிஆர் என்ற முறை இருக்கிறது. ஒரு செய்திக்கு இரண்டு நிமிடம் எடுக்கும். கால் வாட்டுக்கும் குறைவாக வைத்து, இரவு பகலாக ஓடவிட்டு, பேண்ட் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது என்னவோ பிஎஸ்கே31தான். பீட்டர் மார்டினெஸ் என்ற பிரிட்டிஷ் ஹாம் 1990-களின் கடைசியில் கொடுத்தது. வினாடிக்கு 31.25 பிட், நாம் தட்டச்சு செய்கிற வேகம். எதிர்முனையில் இருப்பவர் தப்பாக அடித்து, அழித்து, திருப்பி அடிப்பதுகூடத் தெரியும். கூட்டம் இப்போது குறைந்துவிட்டது, 14.070-இல் பல நேரம் யாரும் இருப்பதில்லை. நம் இருவருக்கும் அது வசதிதானே? ஆனால் 14 மெகாஹெர்ட்ஸ் அலை, பக்கத்து ஊரில் இருப்பவரைத் தாண்டிப் போய்விடும். தூரத்தைப் பார்த்து 7 மெகாஹெர்ட்ஸில் சந்திப்பதா என்று முடிவு செய்வோம்.

நண்பரிடம் செட் மாடலைக் கேட்டு எழுது. பின்னால் இருக்கும் டேட்டா சாக்கெட்டில் எத்தனை முள் என்று படம் எடுத்து அனுப்பு. என்னிடம் இரண்டு ஒலி டிரான்ஸ்ஃபார்மர் சும்மா கிடக்கின்றன. கணினிக்கும் செட்டுக்கும் நடுவே போட்டால் ஹம் வராது. கேபிளை நானே செய்து அனுப்புகிறேன், கடையில் வாங்காதே.

73,
அம்மா