பால்கட்டு என்றுதான் நானும் நினைத்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் இதழோடு நீங்கள் இலவசமாகக் கொடுத்த, மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கான இளஞ்சிவப்பு இணைப்பு வந்து சேர்ந்தது. அதில் ஒன்பதாம் பக்கத்தில் கட்டம் கட்டி, 'தாய்ப்பால் கொடுத்த பெண்கள் மார்பகப் புற்றுநோயைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்' என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்பே என் மாமியார் அதைப் படித்துவிட்டு, "நீதான் பிள்ளைக்கு ஒழுங்கா பால் குடுத்தியே, அப்புறம் எப்படி?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் அடங்கிக் கிடந்த கேள்வியை ஒரே வரியில் கிளப்பிவிட்டதற்கு உங்கள் குழுவுக்கு நன்றி.

எனக்கு அப்போது 31 வயது. பையனுக்கு ஏழு மாதம். இடது பக்கம் கட்டி தட்டுப்பட்டதும் எல்லோரும் பால்கட்டு என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார், பக்கத்து வீட்டு அக்கா முட்டைகோஸ் இலையை ஃபிரிட்ஜில் குளிரவைத்துக் கொண்டுவந்தார். டாக்டரம்மா கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல வேற என்னம்மா இருக்கப்போகுது" என்று ஆன்டிபயாட்டிக் எழுதினார். அது தீர்ந்ததும் இன்னொன்று. இப்படியே நான்கு மாதம் ஓடிவிட்டது. பையன் அந்தப் பக்கம் வாய் வைக்கவே மாட்டேன் என்று முரண்டு பிடித்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். புற்றுநோய்தான் என்று பயாப்ஸி ரிசல்ட் வந்த வாரமே அவனுக்குப் பாலை நிறுத்தினேன். இரண்டு ராத்திரி அவன் அழுததை எந்த இணைப்பிலும் எழுத முடியாது, விடுங்கள்.

தாய்ப்பால் கொடுத்தால் ஆபத்து குறையும் என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. எவ்வளவு குறையும்? 2002இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து ஒரு கணக்கு வந்தது: பன்னிரண்டு மாதம் பால் கொடுத்தால் 4.3 சதவீதம். நாலரை கூட இல்லை ஐயா. இது போக, பிரசவமான பிறகு சில வருடங்களுக்கு ஆபத்து கொஞ்சம் ஏறித்தான் பிறகு இறங்குகிறது என்றும் ஆய்வுகள் இருக்கின்றன. உங்களிடம் மருத்துவப் பகுதிக்கென்றே ஒருவர் இருக்கிறார், இதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இருக்காது. இணைப்பில் இடம்தான் இல்லை போலிருக்கிறது. நகைக்கடைக்கு இரண்டு முழுப்பக்கம் இருந்ததே.

எழுத உட்கார்ந்துவிட்டேன், பழசையும் சொல்லிவிடுகிறேன். நான் கீமோவில் இருந்த வருடம் 'புற்றுநோயை விரட்டும் முள்சீத்தா' என்று அட்டையிலேயே போட்டீர்கள். அந்த வாரம் மூன்று சித்தப்பாக்கள் ஆளுக்கொரு பை முள்சீத்தாவோடு வந்து இறங்கினார்கள். மருந்து வேண்டாம், பழம் போதும் என்று ஒருவர் என் கணவரை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார். அப்போதும் உங்களுக்குக் கடிதம் எழுதினேன். வரவில்லை. படுத்தே கிடக்க முடியாமல் அதே மாதம் அனுப்பிய வாழைப்பூ அடைக் குறிப்பு மட்டும் வந்தது, 250 ரூபாய் பரிசோடு.

அப்புறம் அந்தப் படங்கள். வருடாவருடம் உங்கள் இணைப்பில் வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தர் ரிப்பன் குத்திக்கொண்டு சிரிக்கிறார். நம் நாட்டில் இந்த நோய் மேற்கு நாடுகளைவிடச் சுமார் பத்து வருடம் முன்னாலேயே பெண்களுக்கு வருகிறது என்று டாக்டர்கள் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆதரவுக் கூட்டங்களும் அப்படித்தான் இருக்கின்றன. ஒருமுறை போனேன், எல்லோரும் என் அம்மா வயது. ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையால் பையனைத் தூக்கக்கூடாது என்கிறார்கள், அவனோ தூக்கச்சொல்லி காலைக் கட்டிக்கொண்டு அழுகிறான், என்ன செய்யலாம் என்று கேட்டேன். "தூக்காத கண்ணு" என்றார்கள். பாவம், அவர்களுக்கு வேறென்ன தெரியும்.

கீமோவுக்கு முன்பு என்னிடம் கையெழுத்து வாங்கிய தாள்களில் முடி கொட்டும், வாந்தி வரும், நகம் கறுக்கும் என்று எல்லாம் இருந்தது. இன்னொரு குழந்தை வேண்டுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மூன்றாவது சுற்றில் பக்கத்து நாற்காலிப் பெண், 28 வயது, "அக்கா, நீங்க கருமுட்டை எடுத்து வச்சிட்டீங்களா?" என்றாள். என்ன கேட்கிறாள் என்றே எனக்குப் புரியவில்லை. கீமோ சினைப்பையைப் பாதிக்கலாம் என்பதால் கருமுட்டையை முன்பே எடுத்து உறைய வைப்பார்களாம். சுமார் இரண்டு வாரத்தில் முடிகிற வேலையாம், கீமோ ஏறும் முன்பே செய்திருக்க வேண்டுமாம். என்னைப் போன்ற ஹார்மோன் நெகட்டிவ் (ஹார்மோனால் வளராத கட்டி) பெண்களுக்குக் கீமோவோடு கோசெரலின் என்ற ஊசியும் போட்டால் சினைப்பை செயலிழப்பது குறைகிறது என்று 2015லேயே ஆய்வு வந்திருக்கிறது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது ஊசி போட்டவர்களில் 8 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 22 சதவீதம் பேருக்கும் செயலிழந்திருந்தது. எனக்குத் தெரியவந்தபோது பாதி கீமோ முடிந்துவிட்டது. அந்தப் பக்கத்து நாற்காலிப் பெண் விவரமானவள். அவளுக்கு ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளர்கிற வகை; அதைத் தடுக்க வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். நடுவில் இரண்டு வருடம் வரை மாத்திரையை நிறுத்திப் பிள்ளை பெறலாமா என்று சுமார் 500 பெண்களிடம் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. மூன்று வருடக் கணக்கில் நோய் திரும்புவது கூடவில்லை, நீண்டகாலக் கணக்கு அப்போது வரவில்லை. அதை பிரிண்ட் எடுத்து ஃபைலில் ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக வைத்திருக்கிறாள்.

நல்ல செய்தியும் இருக்கிறது, அதையாவது போட்டிருக்கலாம். எனக்கு வந்தது டிரிப்பிள் நெகட்டிவ், அதாவது ஹார்மோன் ஏற்பி இரண்டும் இல்லாமல், ஹெர்-2 என்ற புரதமும் அதிகம் இல்லாத வகை. மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையில் இந்த வகை வந்த 700க்கு மேற்பட்ட பெண்களிடம் கீமோவோடு கார்போபிளாட்டின் என்ற மருந்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் கொடுத்துப் பார்த்து, 2022 டிசம்பரில் முடிவைச் சொன்னார்கள். 50 வயது வரை உள்ள பெண்களில் அது சேர்த்தவர்கள் ஐந்து வருடம் உயிரோடு இருப்பது சுமார் 11 சதவீதப் புள்ளி கூடியிருக்கிறது. லட்சக்கணக்கில் கேட்கிற புது மருந்து இல்லை, பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கிற விலை குறைந்த மருந்து. நம் நாட்டு ஆராய்ச்சி, நம் வயதுப் பெண்களுக்கு. எனக்கும் அதுதான் ஏறியது. இதைவிட இணைப்புக்கு என்ன வேண்டும்?

கடைசியாக ஒன்று. பன்னிரண்டாம் பக்கத்தில் 'தாய்வழியில் யாருக்காவது இருந்தால் கவனம் தேவை' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா வழியில் இருந்தால் வேண்டாமா? என் அத்தை, அப்பாவின் அக்கா, 38 வயதில் 'மாரில் புண்' என்று சொல்லிப் போய்ச் சேர்ந்தார். எனக்கு மரபணுப் பரிசோதனையில் பிஆர்சிஏ-1 என்ற, மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிற பரம்பரை மரபணுக் கோளாறு வந்திருக்கிறது. அத்தை நினைப்பில் அப்பாவையும் பரிசோதித்தோம், அவர் வழியாகத்தான் வந்திருக்கிறது. தங்கைக்கு 26 வயது, அவளுக்கும் இருக்கச் சரிபாதி வாய்ப்பு. பார்த்துவிடலாம் என்றால், "கல்யாணம் முடியட்டும்" என்கிறார்கள் வீட்டில். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது என்று நீங்களே எத்தனையோ முறை எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில், அதே அளவு கட்டத்தில், இரண்டு வரி: தாய்ப்பால் ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும், தடுத்துவிடாது. பால் கொடுக்கிற பெண்ணாக இருந்தாலும், இரண்டு வாரத்தில் கரையாத கட்டிக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். கடைசிப் பக்கத்து மூலையில் 'திருத்தம்' என்று எறும்பு எழுத்தில் போடாதீர்கள், என் மாமியாருக்குப் பொடி எழுத்து தெரியாது.

போடுவதாக இருந்தால் என் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம், மாவட்டம் போதும். தை மாதம் தங்கைக்கு நிச்சயம் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்களாம்.

ஒரு வாசகி,
கரூர் மாவட்டம்