அசனம் நல்லபடியாக முடிந்தது: கூட நின்ற எல்லாருக்கும் நன்றி

எங்கள் ஊர் மக்களுக்கும், பண்டிகைக்கு வந்துபோன உறவுகளுக்கும் ஸ்தோத்திரம்.

கொரோனாவால் இரண்டு வருஷம் நடக்காமல் போன அசனப் பண்டிகை இந்த 2022 மே மாதம் எங்கள் வேதக்கோயிலில் (சர்ச்சில்) நடந்து முடிந்தது. நாங்குநேரிப் பக்கம் உள்ள எங்கள் சின்ன ஊரில், மொத்தப் பேரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் அது. முதல் பந்தியில் ஆவி பறக்கச் சோறு விழுந்ததும் சிலர் இலையில் கை வைக்கவே இல்லை. பக்கத்தில் இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

முதல் நன்றி மணி அடிக்கிற அண்ணாச்சிக்கு. 2020 மார்ச்சில் கோயிலைப் பூட்டிய பிறகும், யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தே ஞாயிறுதோறும் முதல் மணி, இரண்டாம் மணி என்று நேரம் தவறாமல் அடித்தீர்கள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் வீட்டில் பாயை விரித்து பைபிளோடு உட்கார்ந்தோம்.

செப்டம்பரில் கோயில் திறந்தது. இடைவெளி விட்டு உட்கார வாலிபர்கள் தரையில் மஞ்சள் பெயிண்டில் வட்டம் போட்டார்கள். அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்துக் கொடுத்து, நற்கருணையை நிறுத்தாமல் நடத்தினார் எங்கள் போதகர் அய்யர். அடுத்த ஏப்ரலில் மறுபடி பூட்டு. ஜூலையில் திறந்தார்கள். சரி என்று மூச்சு விடுவதற்குள் ஆகஸ்டில் வெள்ளி, சனி, ஞாயிறு மூடச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை திறந்து கிடக்கிற கோயில் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடப்பதைப் பார்ப்பது தனி வேதனை. அக்டோபர் 14-க்கு அப்புறம்தான் அது தீர்ந்தது. ஜனவரியில் திரும்பவும் சில வாரம் அப்படி ஆனது.

எங்கள் அத்தை 2021 மே மாதம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். நாற்பது வருஷம் அசனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிய கை. அடக்கத்துக்கு நாங்கள் தூரத்தில்தான் நிற்க முடிந்தது. அந்த வெயிலில் பாதுகாப்பு உடைக்குள் வேர்த்து ஊற்ற, கயிறு கட்டி அத்தையைக் குழிக்குள் மெதுவாக இறக்கினீர்களே நான்கு தம்பிகள், உங்களில் இரண்டு பேர் அம்மன் கோயில் தெருப் பிள்ளைகள். அன்றைக்கு உங்களிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. இப்போது சொல்கிறேன், நன்றி தம்பிகளா. இந்த அசனத்துக்கு முந்தின ராத்திரி அத்தையின் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டுபோய் நான் உட்கார்ந்தேன். மதினிமார் அத்தை உட்காருகிற தூண் ஓரத்தை எனக்கு விட்டு வைத்திருந்தார்கள்.

ஊசி என்றாலே பயந்து கதவைச் சாத்திய வீடுகளுக்கு மூன்று தடவை, நான்கு தடவை நடந்து, கோயில் வராண்டாவுக்குக் கூட்டிவந்து போட்டுவிட்ட கிராம சுகாதார செவிலியர் அக்கா, முதல் பந்தியில் உங்களை உட்கார வைத்ததில் எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

ஆடு கொடுத்தவர்கள், அரிசி கொடுத்தவர்கள், விறகு பிளந்தவர்கள், மும்பையிலிருந்து பணம் அனுப்பிய பிள்ளைகள் எல்லாருக்கும் நன்றி.

எங்கள் பெரிய சமையல் வார்ப்புப் பாத்திரம் ஓட்டை விழுந்துவிட்டது என்று கேட்டதும், அம்மன் கோயில் கொடை விழாவுக்கு வைத்திருந்த இரண்டு வார்ப்பையும் தந்த கமிட்டி அண்ணாச்சிமாருக்கு: புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். ஆடிக் கொடைக்கு முன்னால் எங்கள் பையன்களே கொண்டுவந்து இறக்குவார்கள். காய் நறுக்க எத்தனை பேர் வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில், உங்கள் சகோதரி