பட்டியலில் பெயர் வந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல கணினிகளை ஒரே குழுவாக (கிளஸ்டர்) சேர்த்து அப்ளிகேஷன்களை ஓட்டும் டாக்கர் ஸ்வார்ம் பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதையெல்லாம் தமிழில் எழுதுவது ரொம்ப நல்ல விஷயம், ஆனால் ‘டாக்கர் ஸ்டாக் எல்எஸ்’ என்று அடித்து உங்கள் அப்ளிகேஷன் பெயர் வந்துவிட்டால் எல்லாம் ஓடுகிறது என்று அதில் ஒரு வரி இருக்கிறதே, அது தப்பு. புதிதாகக் கற்பவர்கள் அதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

ஸ்டாக் என்பது ஒரு அப்ளிகேஷனுக்கான சர்வீஸ்களின் தொகுப்பு. அந்த கமாண்ட் காட்டுவது ஸ்டாக்கின் பெயரும் அதில் எத்தனை சர்வீஸ் என்ற எண்ணும்தான். சர்வீஸ் என்பது இன்னின்னதை இப்படி ஓட்டு என்று கிளஸ்டரிடம் நாம் சொல்லி வைத்திருப்பது, அது உண்மையில் ஓடுகிறதா என்பது வேறு கேள்வி. இமேஜ் (அப்ளிகேஷனின் அச்சு போன்ற கோப்பு) பெயரைத் தவறாகக் கொடுத்து, அதிலிருந்து ஓட வேண்டிய ஒரு கன்டெய்னர்கூட எழும்பாமல் கிடந்தாலும் பட்டியலில் அந்த எண் குறையாது. நிலவரம் தெரிய ‘டாக்கர் ஸ்டாக் சர்வீசஸ்’ என்று அடித்து ஸ்டாக் பெயரையும் சேர்க்க வேண்டும். ரெப்ளிகாஸ் (ஓட வேண்டிய நகல்கள்) என்ற பத்தியில், அதாவது நெடுவரிசையில், 0/3 என்று வந்தால் மூன்று கேட்டு ஒன்றுமே ஓடவில்லை. காரணத்தை ‘டாக்கர் ஸ்டாக் பிஎஸ்’ சொல்லும். பிழைச் செய்தி பாதியில் வெட்டுப்பட்டு வரும், ‘நோ-ட்ரங்க்’ சேர்த்தால் முழுசாகப் படிக்கலாம்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதே இல்லை. ‘ஸ்டாக் எல்எஸ்’ காட்டும் பட்டியல் சர்வீஸ்கள் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்துத்தான் தொகுக்கப்படுகிறது. அதனால் சர்வீஸ்களை ஒவ்வொன்றாக அழித்துவிட்டால் ஸ்டாக் பட்டியலிலிருந்து மறைந்துவிடும், ஆனால் அதன் நெட்வொர்க்கும் சீக்ரெட்டும் (பாஸ்வேர்ட் போன்ற ரகசியத் தகவல்) அப்படியே இருக்கும். ‘டாக்கர் ஸ்டாக் ஆர்எம்’ கொடுத்தால் அவையும் சேர்ந்து போகும்.

அப்புறம், ‘ஸ்டாக் எல்எஸ்’ கமாண்டை கிளஸ்டரை நிர்வகிக்கும் கணினியான மேனேஜர் நோடில்தான் அடிக்க வேண்டும், வேலையை மட்டும் ஓட்டும் வொர்க்கரில் அடித்தால் பிழைதான் வரும். ஸ்கிரிப்டில் பயன்படுத்துபவர்கள் பத்திகளை எண்ணி வெட்டி எடுக்காமல் ‘ஃபார்மட்’ கொடுத்து வேண்டியதை மட்டும் கேட்பது நல்லது. ஏனென்றால் பத்திகள் மாறக்கூடும்: ஸ்வார்ம் போன்ற இன்னொரு கருவியான குபர்னெட்டிஸுக்கு ஆதரவு இருந்த டாக்கர் பதிப்புகளில் ஆர்கெஸ்ட்ரேட்டர் என்று ஒரு பத்தி கூடுதலாக வந்தது, பிறகு போய்விட்டது.

தயவுசெய்து அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள், ரெப்ளிகாஸ் பத்தியை எப்படிப் படிப்பது என்பதையும் அதில் சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்