இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிரலாளர்களே,

வணக்கம். லினக்ஸில் நிரல்கள் போய் உட்காரும் அடைவுகளில் (ஃபோல்டர்களில்) /யூஎஸ்ஆர் யாருக்கு, /யூஎஸ்ஆர்/லோக்கல் யாருக்கு என்று உங்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. லினக்ஸ் அடைவுத் தரநிலை 1994-இலேயே வந்துவிட்டது; 2015-இன் 3.0 பதிப்பும் அதையேதான் சொல்கிறது. முன்னது டிஸ்ட்ரோவுக்கு, அதாவது லினக்ஸைத் தொகுத்துத் தருபவர்களுக்கு; பின்னது மூலநிரலைக் கையால் கம்பைல் செய்து போடுபவர்களுக்கு. எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

போன வாரம் உங்களில் ஒருவரின் கருவியை ஒரு சர்வரில் கம்பைல் செய்து, நிர்வாகி உரிமையோடு நிறுவும் 'சூடோ மேக் இன்ஸ்டால்' கட்டளையைக் கொடுத்தேன். அது நேராக /யூஎஸ்ஆரில் இறங்கி, தன்னோடு சுமந்துவந்த பழைய லிப்கிரிப்டோவை (ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கத் தொகுப்பின் நூலகம்), டிஸ்ட்ரோ வைத்திருந்ததன் மேலேயே கேட்காமல் கொள்ளாமல் எழுதிவிட்டது. அடுத்த நிமிடம் சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய இன்னொரு டெர்மினலிலிருந்து எஸ்எஸ்எச் போட்டேன். உள்ளே விடவில்லை. லாகில் பார்த்தால் ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பு பொருந்தவில்லையாம்.

ஏற்கெனவே திறந்திருந்த அந்த ஒரே ஜன்னல்தான் மிச்சம். அது போனால் சர்வரும் போச்சு. தண்ணீர் குடிக்க எழுந்திருக்கக்கூடப் பயம். லேப்டாப் தூங்கிவிடக் கூடாதே என்று ஒரு கையால் மவுஸை ஆட்டிக்கொண்டே, மறுகையால் எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜுடையது என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். பேக்கேஜை மறுபடி நிறுவி, இரண்டாவது ஜன்னல் உள்ளே போன பிறகுதான் மூச்சு வந்தது.

தயவுசெய்து நிறுவும் இயல்பு இடத்தை /யூஎஸ்ஆர்/லோக்கலாகவே விடுங்கள். கம்பைலுக்கு முந்தைய அமைப்பு ஸ்கிரிப்டை உருவாக்கும் ஆட்டோகான்ஃப் தானாகவே அதைத்தான் தருகிறது. நீங்கள் சும்மா இருந்திருந்தாலே போதும், மெனக்கெட்டு மாற்றியிருக்கிறீர்கள்! சொந்த நூலகங்களோடுதான் வருவேன் என்றால் /ஆப்ட்-டின் கீழ் தனி அடைவு போட்டுக்கொள்ளுங்கள். /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-பில் போட்டாலும் சில டிஸ்ட்ரோக்கள் நூலகங்களை அங்கேதான் முதலில் தேடும், அங்கும் இதே வம்பு வரும்.

போட்டதை நீக்கும் 'மேக் அன்இன்ஸ்டால்' வேறு கிடையாது. எதை எங்கே போட்டீர்கள் என்று ஒரு பட்டியலும் இல்லை. வழிகாட்டியில் இருப்பதெல்லாம் ஸ்கிரிப்டை இறக்கி அப்படியே ரூட்டாக, அதாவது முழு உரிமையுள்ள நிர்வாகியாக, ஓட்டச் சொல்லும் ஒரே வரி. சாவியையும் வாங்கிக்கொண்டு, உள்ளே என்ன செய்தீர்கள் என்றும் சொல்லாமல் போவதற்கு 'எளிய நிறுவல்' என்று பெயர்.

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இலவசமாகத் தருகிறீர்கள், அந்த நன்றி எனக்கு உண்டு. கேட்பது ஒன்றுதான்: அடுத்த வெளியீட்டிலாவது பிரிஃபிக்ஸை, அதாவது அந்த இயல்பு இடத்தை, /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குத் திருப்பிவிடுங்கள். /யூஎஸ்ஆரில்தான் வேண்டும் என்பவர்கள் அதைத் தாங்களே கொடுத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
இன்னும் இரண்டு ஜன்னல் திறந்து வைத்தே வேலை பார்க்கும் ஒரு சிஸ்டம் நிர்வாகி