‘சரிபார்க்கப்பட்ட ஒப்பந்ததாரர்’ என்று கூறி உரிமமில்லாதவரை அனுப்பியது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: வீட்டுச் சீரமைப்புக்கு உரிமமும் தகுதியும் இல்லாத ஒப்பந்ததாரரை அனுப்பியமை, சேதத்தைச் சரிசெய்யவும் பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா,

பள்ளத்தூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டைச் செப்பனிடுவதற்காகக் கடந்த ஆவணி மாதம் தங்கள் நிறுவனத்துடன் 6,40,000 ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்துகொண்டேன். இரண்டாம் கட்டில் ஒழுகும் மேல்தளத்தைச் சரிசெய்வது, நடுமுற்றமான வளவைச் சுற்றியுள்ள பத்தியில், அதாவது தாழ்வாரத்தில், உதிர்ந்த பூச்சைப் புதுப்பிப்பது, வீடு முழுவதும் மின்கம்பிகளை மாற்றுவது, தரையைத் துப்புரவு செய்வது, பின்கட்டில் ஒரு குளியலறை அமைப்பது ஆகிய வேலைகள் அதில் அடங்கும். தை மாதத்தில் என் கணவருக்கு அறுபது வயது நிறைவுக்கான சாந்திக் கல்யாணம் வைத்திருந்தோம். பங்காளிகள் எல்லோரும் கூடும் அந்த நாளுக்குள் வேலை முடிய வேண்டும் என்ற ஒரே காரணத்தால்தான், தெரிந்த கொத்தனாரை வைத்து வருடத்துக்கு ஒரு பத்தியாகப் பார்த்துக்கொள்ளும் எங்கள் ஊர் வழக்கத்தை விட்டுவிட்டுத் தங்களிடம் வந்தேன்.

பூச்சு உதிர்ந்தது, தரை பாழானது என்பவற்றையும் இக்கடிதத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் என் முதன்மையான புகார் அவை அல்ல. ‘அரசு உரிமம் பெற்ற, எங்களால் சரிபார்க்கப்பட்ட ஒப்பந்ததாரர்களை மட்டுமே அனுப்புகிறோம்’ என்று தங்கள் விளம்பரத்திலும் விலைப்புள்ளியின் முதல் பக்கத்திலும் அச்சிட்டிருக்கிறீர்கள். என் வீட்டுக்கு வந்தவரிடம் எதைச் சரிபார்த்தீர்கள் என்பதுதான் என் கேள்வி.

வேலை தொடங்கும் முன்பே உரிம நகலைக் கேட்டேன். தங்கள் பிரதிநிதி மூன்று ஆவணங்களை அனுப்பினார். முதலாவது ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழ், 33 என்று தொடங்கும் பதினைந்து இலக்க எண், அவர் தமிழ்நாட்டில் வரிக்காகப் பதிந்திருக்கிறார் என்பதைக் காட்டுமே தவிர, சுவர் கட்டத் தெரிந்தவர் என்பதைக் காட்டாது. இரண்டாவது, சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு. அது தொழில் செய்பவர் தாமே இணையத்தில் உறுதிமொழி அளித்துக் கட்டணமின்றிப் பெறுவது. மூன்றாவதாக வந்த மின் ஒப்பந்ததாரர் உரிமத்தில் இருந்த பெயர் வேறு ஒருவருடையது. அதன் காலாவதித் தேதி கடந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இதைத் தொலைபேசியில் சுட்டிக்காட்டியபோது, ‘அவர் எங்கள் கூட்டாளி அம்மா, ரெரா பதிவும் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்’ என்று பதில் வந்தது. ரெரா என்பது மனைகளையும் அடுக்ககங்களையும் விற்கும் திட்டங்களுக்கும் அவற்றின் முகவர்களுக்கும் உரிய பதிவு. விற்பனை நோக்கமில்லாமல் சொந்த வீட்டைப் பழுதுபார்க்கும் வேலை அச்சட்டத்தின் பதிவுக்குள் வருவதே இல்லை.

இந்த இடத்தில் என் தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த உரிமத்தில் வேறு பெயர் இருந்ததைப் பார்த்த அன்றே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல், தங்கள் நிறுவனத்தின் பெயரை நம்பி 60 விழுக்காடான 3,84,000 ரூபாயை முன்பணமாகவும், புரட்டாசியில் மேலும் 1,28,000 ரூபாயையும் செலுத்தினேன். வேலை பாதி நடப்பதற்குள் ஒப்பந்தத் தொகையில் ஐந்தில் நான்கு பங்கு தங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது. என் மாமியார் இருந்திருந்தால், வாசற்கால் வைக்கும் முன் கூலியைக் கொடுத்தவளை வீட்டு ஆளாகவே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

கொத்தனாருக்கோ தச்சருக்கோ அரசு உரிமம் என்று ஒன்று தனியாக இல்லை என்பதை நான் அறிவேன். எங்கள் ஊரில் தலைமுறையாகச் சுண்ணாம்பு வேலை செய்யும் எவரிடமும் அப்படி ஒரு காகிதம் கிடையாது, அதை யாரும் கேட்பதும் இல்லை. ஆனால் மின்வேலைக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் ஒப்பந்ததாரர் உரிமமும், வேலை செய்பவருக்கு மின்கம்பியாளர் தகுதிச் சான்றும் வேண்டும். கட்டமைப்பில் கைவைக்கும் வேலைக்கு, 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின் கீழ்ப் பதிவுபெற்ற பொறியாளரோ கட்டமைப்புப் பொறியாளரோ இருக்கிறார். இந்த இரண்டு இடங்களில்தான் காகிதம் உயிரைக் காக்கிறது, தாங்கள் கோட்டை விட்டதும் இந்த இரண்டு இடங்களில்தான்.

மின்வேலையிலிருந்து தொடங்குகிறேன். வேலை முடிந்ததாகச் சொன்ன நான்காம் நாள், சமையலுக்கு உதவ வரும் பெண் ஈரக்கையுடன் மிக்ஸியைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்டார். நல்லவேளையாக உயிருக்கு ஆபத்து இல்லை. காரைக்குடியிலிருந்து உரிமம் பெற்ற ஒருவரை அழைத்துப் பார்த்ததில், அடுப்படி, இரண்டாம் கட்டு ஆகிய இடங்களில் இருந்த எல்லா பவர் பிளக்குகளிலும் எர்த் கம்பி பெட்டிக்குள்ளேயே நறுக்கி மடித்து வைக்கப்பட்டிருந்தது. விலைப்புள்ளியில் கணக்கிட்டிருந்த 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, பொருத்தப்படவே இல்லை. அந்த இடத்தில் வெற்று மூடி இருந்தது. வேலை செய்த இளைஞரிடம் சான்று ஏதும் இல்லை என்பதை அவரே சொன்னார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அனுப்பியவர்கள்மீதுதான் இருக்கிறது.

அடுத்தது கட்டமைப்பு. எங்களுடையது போன்ற பழைய செட்டிநாட்டு வீடுகளில் கான்கிரீட் சட்டகம் கிடையாது. பின்கட்டில் சுவரே முழுச் சுமையையும் தாங்குகிறது. புதிய குளியலறைக்கு வாசல் வேண்டும் என்று, இரண்டாம் கட்டின் நடுச்சுவரில் மேலே முட்டுக்கூடக் கொடுக்காமல் மூன்றடி அகலத்துக்கு உடைத்திருக்கிறார்கள். இப்போது அந்தத் திறப்பின் மேல்மூலையிலிருந்து கூரை வரை விரல் நுழையும் அளவுக்கு விரிசல் ஓடியிருக்கிறது. அதே பகுதியின் மேல்தளமோ, தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துத் தட்டு ஓடு பதித்த பழைய தளம். ஒழுகும் இடத்தில் தட்டோட்டைப் பெயர்த்துச் சுண்ணாம்பால் இணைப்புகளை அடைத்தாலே போதுமானது. தங்கள் ஒப்பந்ததாரர் தளம் முழுவதும் மூன்று அங்குலக் கனத்துக்குச் சிமெண்ட் கான்கிரீட் கொட்டிவிட்டார். கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோ என்ற கணக்கில் பார்த்தால், சதுர அடிக்குச் சுமார் 17 கிலோவை அந்த மரச்சட்டங்களின்மேல் புதிதாக ஏற்றியிருக்கிறார். அதற்குக் கீழே இருந்த சுவரையும் உடைத்திருக்கிறார். ஒரு பொறியாளர் ஒரு முறை வந்து நின்று பார்த்திருந்தால் இந்த இரண்டில் ஒன்றுகூட நடந்திருக்காது.

பத்தியின் பூச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளிவிடும். ஐப்பசி மழை முடிவதற்குள் அது தோசை கல்லிலிருந்து பெயர்வதுபோலப் பாளம் பாளமாக விழுந்தது. ‘சுவர் பழசு, அதனால்தான்’ என்பது ஒப்பந்ததாரரின் விளக்கம். அந்தப் பழைய சுவரின், முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் கலந்த முட்டைப் பூச்சு, அவர் கைவைக்காத முகப்பில் இன்றும் கண்ணாடிபோல இருக்கிறது.

தரை விஷயம்தான் மனத்தை அதிகம் வருத்துகிறது. ஆத்தங்குடித் தளக்கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அதன் வண்ணம் மேலோட்டமான ஒரு படலம்தான். தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைக்கத் துடைக்க மெருகேறும். கறை போக வேண்டும் என்று தங்கள் ஆட்கள் அதன்மேல் ஆசிட் ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். அமிலம் சிமெண்டை அரிக்கும் என்பது பள்ளிப் பாடம். கூடமான பட்டாலையில் 140 சதுர அடிக்குப் பூ வேலைப்பாடு வெளுத்துச் சொரசொரப்பாகிவிட்டது. சாந்திக் கல்யாணத்தன்று அந்த இடத்தில் சமுக்காளம் விரித்து மறைத்தோம்.

மார்கழியில் நான் எழுதிய இரண்டு மின்னஞ்சல்களுக்கு, ‘நாங்கள் வாடிக்கையாளரையும் ஒப்பந்ததாரரையும் இணைத்துவைப்பவர்கள் மட்டுமே’ என்று பதில் அனுப்பினீர்கள். அதை ஏற்க இயலாது. ஒப்பந்தம் தங்கள் பெயரில் இருக்கிறது. ரசீதும் தங்கள் பெயரில் இருக்கிறது. 5,12,000 ரூபாயும் தங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வந்தது. வேலை நடந்த நாட்களில் ஒப்பந்ததாரருடைய கைப்பேசி எண்ணைக்கூட எனக்குத் தர மறுத்தீர்கள்.

எனவே, இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள், பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு இரண்டாம் கட்டைத் தங்கள் செலவில் ஆய்வு செய்து, கான்கிரீட்டை அகற்றவும் சுவரை மீட்கவும் அவர் எழுத்தில் தரும் முறைப்படி செயல்பட வேண்டும். மின்வேலை, பூச்சு, தரை ஆகியவற்றுக்காகப் பெற்ற தொகையைத் திருப்பித் தர வேண்டும். அந்த வேலைகளை இனி எனக்குத் தெரிந்தவர்களைக் கொண்டு நானே செய்துகொள்வேன். காரைக்குடி மின்பணியாளருக்கு நான் கொடுத்த 18,500 ரூபாயும் இதில் சேரும். மீதி 1,28,000 ரூபாயை நான் செலுத்தப்போவதில்லை.

இதற்கு உடன்படாவிட்டால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரம், சேவைக் குறைபாடு ஆகிய இரண்டின்பேரிலும் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். வழக்கு சென்னையில்தான் நடக்கும் என்று தங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருப்பதைப் பார்த்தேன். நுகர்வோர் தாம் வசிக்கும் இடத்திலேயே முறையிடலாம் என்று அச்சட்டம் சொல்கிறது. நான் கொடுத்த தொகைக்கான மனுக்கட்டணம் 200 ரூபாய். தரையைப் பாழாக்கிய ஆசிட்டுக்குத் தங்கள் ரசீதில் அதைவிட அதிகமாகவே போட்டிருக்கிறீர்கள்.

ஒப்பந்தம், ரசீதுகள், தாங்கள் அனுப்பிய மூன்று ஆவணங்கள், காரைக்குடி மின்பணியாளரின் எழுத்துபூர்வ அறிக்கை, 42 புகைப்படங்கள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். ஆய்வுக்கு வருபவர் இரண்டு நாட்களுக்கு முன் தெரிவித்தால் வீட்டைத் திறந்து வைக்கிறேன். அவருடைய பதிவுச் சான்றின் அசல் கையில் இருக்க வேண்டும். முகப்பிலேயே வாங்கிப் பார்த்த பிறகுதான் வளவுக்குள் விடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
பள்ளத்தூர்