பொருள்: உங்கள் ஆல்கலினிட்டி டெஸ்ட் கிட் தப்பாகக் காட்டியதால் என் பவளம் செத்தது பற்றி

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். போன வாரம் நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு, பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், சிரிஞ்சில் காற்றுக் குமிழி இல்லாமல் பாருங்கள் என்று இரண்டு வரியில் பதில் போட்டீர்கள். நாலு வருஷமாக வாரத்துக்கு மூன்று தடவை உங்கள் கிட்டில்தான் அளக்கிறேன், குமிழி எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தத் தடவை நடந்ததை முழுசாக எழுதுகிறேன், தயவுசெய்து படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் 200 லிட்டர் ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டி, வைத்திருக்கிறேன். அக்ரோபோரா, மொண்டிப்போரா என்று பெரும்பாலும் கல் பவளங்கள். அவை எலும்புக்கூடு கட்டத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் தினமும் எடுத்துக்கொண்டே இருக்கும், எடுத்ததை நாம் ஊற்றி ஈடுகட்ட வேண்டும், எவ்வளவு ஊற்றுவது என்று சொல்வது உங்கள் கிட் ஒன்றுதான். என் டேங்கின் ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டின் அளவு, எப்போதும் 8 டிகேஹெச்சில் (அதை அளக்கும் அலகு) நிற்கும்.

பழைய கிட் தீர்ந்து 32 சிங்கப்பூர் வெள்ளிக்குப் புதிது வாங்கினேன். முதல் அளவிலேயே 5.9. மூன்று தடவை அளந்தேன், அதே 5.9. பயந்துபோய், ஆனாலும் அவசரப்படாமல், ஐந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக சோடியம் பைகார்பனேட் கூட்டி 8க்குக் கொண்டுவந்தேன். கணக்குப்படி 13 கிராம் போதும், 17 கிராம் இழுத்தது. பவளம் நன்றாக வளர்கிறது, அதான் இப்படிக் குடிக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். மடத்தனம், ஒப்புக்கொள்கிறேன், அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அக்ரோபோராவின் நுனிகள் வெளுத்தன. என் தண்ணீரில் நைட்ரேட் 1 பிபிஎம் கூட இருக்காது, அப்படிப்பட்ட தண்ணீரில் ஆல்கலினிட்டி ஏறினால் நுனி கருகும் என்பது இதை வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனால் கிட் 8 என்கிறதே, நான் எதைச் சந்தேகப்படுவது? விளக்கைக் குறைத்தேன், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரைப் பார்த்தேன். அப்புறம் அடியிலிருந்து தோல் உரிய ஆரம்பித்தது. விரல் நீளத் துண்டாக வாங்கி இரண்டு கை அகலத்துக்கு வளர்ந்திருந்த கொத்து, நாலே நாளில் வெறும் வெள்ளைக் கல்.

நண்பரிடம் வேறு கம்பெனி கிட் கடன் வாங்கி அளந்தால் 10.8.

யாருடைய கிட் பொய் சொல்கிறது என்று பார்க்க வழி இருக்கிறது. 10 லிட்டர் ஆர்ஓடிஐ (உப்புகள் நீக்கிச் சுத்திகரித்த) தண்ணீரில் 3 கிராம் சுத்தமான சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்தால் 10 டிகேஹெச் வர வேண்டும். நண்பரின் கிட் 10 என்றது, உங்களுடையது 7.4. மூன்று தடவையும் 7.4, ஆக என் கை நடுங்கியதால் வந்த வித்தியாசம் இல்லை இது. இன்னொன்று, புது பாட்டிலைத் திறக்கும்போதே மூடி இறுக்கமாக இல்லை, உள்ளே திரவமும் குறைவாக இருந்தது. நிறம் மாறும்வரை எவ்வளவு அமிலம் ஊற்றினோம் என்பதுதானே கிட்டின் அளவு; பாட்டிலில் தண்ணீர் ஆவியாகி அமிலத்தின் செறிவு கூடியிருக்கும் என்பது என் ஊகம், செறிவு கூடிய அமிலம் கொஞ்சம் ஊற்றினாலே நிறம் மாறிவிடும், அளவு குறைவாகக் காட்டும். இதைக் குலுக்கிச் சரிசெய்ய முடியாது.

32 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள். பவளத்துக்கு விலை கேட்டால் நீங்கள் தரப்போவதில்லை, அதனால் கேட்கவில்லை. ஆனால் இதே பேட்ச் இன்னும் கடையில் விற்கிறது, நேற்றுகூடப் பார்த்தேன். உங்களிடம் இருப்பில் உள்ள பாட்டில்களில் நான் சொன்ன சோதனையைச் செய்து என்ன எண் வருகிறது என்று எழுதுங்கள், பத்து நிமிஷ வேலை. தப்பாக வந்தால் வாங்கினவர்களுக்குச் சொல்லிவிட்டுக் கடைகளிலிருந்து திரும்ப எடுங்கள்.

பாட்டிலை வீசவில்லை, பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். பேட்ச் எண், ரசீது, அளந்தபோது எடுத்த வீடியோ எல்லாம் இணைப்பில் இருக்கின்றன. ஆள் அனுப்பினால் பாட்டிலைக் கொடுக்கிறேன், தபால் செலவு என் தலையில் வேண்டாம்.