மாண்டலின் அண்ணாவுக்கு, டிரம்ஸ் வைக்கத் தீர்மானித்த பின்

அன்புள்ள அண்ணா,

வரும் மார்ச் 6 அன்று, டெக்சஸ் நடன இசையான வெஸ்டர்ன் ஸ்விங்கின் முன்னோடி பாப் வில்ஸ் பிறந்த நாளில், நம் குழு டிரம்ஸுடனும் ஸ்டீல் கிட்டாருடனும் மேடையேறுகிறது. ‘நம் குழு’ என்று எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன், இருக்கட்டும். இதைத் தனிக்கடிதமாகவே அனுப்பியிருப்பேன். ஆனால் தனிக்கடிதங்களுக்கு நீங்கள் பதில் போடுவதில்லை, ஆகவே நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். பான்ஜோக்காரரும் பாஸ் வாத்தியக்காரரும் இதை எப்படியும் மொழிபெயர்த்துப் படித்துவிடுவார்கள் என்பதால், கடைசி ஒத்திகைக்குப் பிறகு வண்டி நிறுத்துமிடத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதை நான் தொடப் போவதில்லை.

எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது அந்த முதியோர் இல்லத்துக் கச்சேரிதான். ஒரே மைக்கைச் சுற்றி அரைவட்டமாக நின்றிருந்தோம். தனியாக வாசிக்க வேண்டியவர் உள்ளே நுழைய, மற்றவர்கள் தோளைச் சரித்து வழிவிடும் அந்தப் பழைய புளூகிராஸ் (கென்டக்கி வழிவந்த, டிரம்ஸ் இல்லாத தந்திவாத்திய இசை) வழக்கத்தில், பான்ஜோவின் கழுத்து என் வயலின் வில்லில் இடித்தது. கேட்டவர்கள் அதையும் நகைச்சுவையென்று எண்ணிச் சிரித்தார்கள். மாண்டலின்காரர் பாதி வாழ்நாளைச் சுருதி சேர்ப்பதிலும் மீதியைச் சுருதி சேராமல் வாசிப்பதிலும் கழிப்பார் என்ற அரதப்பழசான துணுக்கை நீங்கள் சொன்னீர்கள், அதற்கும் சிரித்தார்கள். பிறகு வேகமான பாட்டு ஒன்றை எடுத்தோம். முன்வரிசையில் ஒரு பாட்டி தம் கணவரைக் கைபிடித்து எழுப்பி, இரண்டடி வைத்து, நம் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நின்றுவிட்டார்.

டிரம்ஸ் இல்லாத குழுவில் மாண்டலின்காரரின் வலக்கைதான் டிரம்ஸ். இரண்டாம், நான்காம் அடிகளில் தந்திகளை ஒரே வெட்டாக அடித்து, மறுகணமே இடக்கை விரல்களைத் தளர்த்தி நாதத்தை அடக்க வேண்டும். அந்த வெட்டை நீங்கள் அன்று யாரையும் கேட்காமல் மெல்ல மெல்லத் தளர்த்தினீர்கள். பாஸ்காரர் உங்கள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத் தாமும் இறங்கி வந்தார். நான் வில்லை நீட்டினேன். இரண்டு சுற்றுக்குள் கென்டக்கிப் பாட்டு டெக்சஸ் நடனப் பாட்டாக மாறிவிட்டது. அவர்கள் ஆடினார்கள், நீங்கள் பாப் வில்ஸைப் போலக் கீச்சுக்குரலில் ‘ஆ...ஹா’ என்று கூவினீர்கள். அவ்வளவு மகிழ்ச்சியாக உங்களை அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை.

அதே நீங்கள்தான் வீடு திரும்பும் வழியில், “ஆடுகிறவர்களுக்குத் தாளம் போடுவதற்கா இத்தனை நாள் பழகினோம்?” என்றீர்கள். காரை நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

டெக்சஸின் ஃபோர்ட் வொர்த் நகரத்துப் பழைய கதையைப் புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்வது உங்கள் வழக்கம். 1932இல் மாவு ஆலை மேலாளர் ஓ’டேனியல், தம் ஆலையின் விளம்பரத்துக்காக வானொலியில் வாசித்துவந்த லைட் கிரஸ்ட் டோபாய்ஸ் குழு நடனக் கூடங்களில் வாசிக்கக் கூடாது என்று தடுத்ததும், அதன் பாடகர் மில்டன் பிரவுன் விலகித் தமக்கென்று ஒரு குழுவை அமைத்துக் கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் கூடத்தில் ஜனங்களை ஆடவைத்தார். நீங்கள் எப்போதும் பிரவுன் பக்கம் நின்றுதான் இதைச் சொல்வீர்கள். ஆனால் அண்ணா, ‘நடனத்துக்கு வாசிக்கக் கூடாது’ என்பது அந்தக் கதையில் யாருடைய வசனம் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

கோபமாக எழுதிவிட்டேன். தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ச-ப-ச-ப என்று சுருதி கூட்டிப் பழகியவள் நான். எழுந்து நின்று தோளில் வைத்து வாசிக்க அஞ்சியபோது, “மாண்டலினுக்கும் ஃபிடிலுக்கும் ஒரே சுருதி அமைப்புத்தான், என் விரல் விழும் இடத்தில் உன் விரலை வை, போதும்” என்றீர்கள். உங்கள் இடக்கையைப் பார்த்துப் பார்த்தேதான் இந்த இசை எனக்கு வந்தது. அதற்கு நான் பட்ட கடனைத் தீர்க்க முடியாது. ஆனால் என் வில்லில் ஒரு சறுக்கல் வந்தாலே ‘கச்சேரி வாசனை’ என்று எல்லார் எதிரிலும் கேலி செய்தீர்களே, அதை மட்டும் நான் மறக்கவில்லை. கட்டைகள் பதித்த மாண்டலினிலேயே யு. சீனிவாஸ் கமகத்தைக் கொண்டுவந்ததை நாம் இருவரும் கேட்டு வளர்ந்தவர்கள்தாமே? புதிதாக வந்திருக்கும் ஸ்டீல் கிட்டார்காரருக்குச் சறுக்கல்தான் பிழைப்பே. தந்திமேல் இரும்புத் துண்டை வைத்து அவர் வழுக்கிக்கொண்டு வரும்போது, நான் பின்னாலேயே போகிறேன். யாரும் கேலி செய்வதில்லை.

உங்களைக் கேட்காமல் அவரை அழைத்தது முறையல்ல. மன்னியுங்கள். கேட்டிருந்தால் கூடாது என்றிருப்பீர்கள், நானும் அழைக்காமல் விட்டிருப்பேன் என்பதும் உண்மை.

1948இல், புளூகிராஸின் தந்தை எனப்படும் மாண்டலின்காரர் பில் மன்றோவின் குழுவிலிருந்து கிட்டார்காரர் லெஸ்டர் ஃபிளாட் விலகிய பிறகு, 1971இல் பீன் பிளாசம் விழாவில்தான் இருவரும் சமாதானம் ஆனார்கள். மன்றோவை நீங்கள் எல்லாவற்றிலும் பின்பற்றுகிறவர் என்பது எனக்குத் தெரியும். இதில் மட்டும் வேண்டாம்.

உங்கள் மைக் என்னிடம் இருக்கிறது. டிரம்ஸ் பக்கத்தில் வந்துவிட்டால் ஒற்றை மைக் மற்ற வாத்தியங்களை விட்டுவிட்டு அதைத்தான் வாரிக்கொள்ளும் என்பதால், இனி அது எங்களுக்குப் பயன்படாது. பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். 6ஆம் தேதி மாலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாண்டலினையும் கொண்டுவருவதானால் ஒருநாள் முன்னதாகச் சொல்லுங்கள். ஸ்டீல் கிட்டார்காரர் உட்கார்ந்து வாசிப்பவர், மேடையில் இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொள்கிறார், அவரை நகர்த்த வேண்டியிருக்கும்.

அன்புடன்,
ஃபிடில் தங்கை